கால் 'நரம்பு'க்கு ஊசியா? கண்ணும் மூளையும் உஷார்!

டீ ஆற்றுகிற மாஸ்டருக்குப் புரிகிற கணக்கு இது!

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிற பஸ் குறுக்குச்சாலையில் நிற்கும்போது, அங்குள்ள டீக்கடைகளை ஒரு நிமிஷம் கவனித்துப் பாருங்கள்.

டீ ஆற்றுகிறவரின் கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். காலை யாரும் பார்ப்பது இல்லை.

விடிவதற்கு முன்னே பாய்லரைப் பற்றவைத்தவர், ராத்திரி கடை அடைக்கிற வரை நின்ற கால்தான். கைலியைச் சற்றுத் தூக்கிக் கட்டினால், முழங்காலுக்குக் கீழே பச்சையும் நீலமுமாகப் புடைத்து, மண்புழு நெளிந்த மாதிரி சுருண்டு கிடக்கும்.

"நரம்பு சுருட்டிக்கிச்சு அண்ணாச்சி. சாயங்காலம் ஆனா கால் ரெண்டும் கல்லைக் கட்டின மாதிரி கனக்கும். ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். என்னத்தைச் செய்ய? நின்னாத்தானே கூலி!"

இந்தப் பேச்சை ஓட்டப்பிடாரத்திலும் கேட்கலாம். கோவில்பட்டியிலும் கேட்கலாம். பரோட்டா மாஸ்டர், மில்லில் நூல் ஓட்டுகிறவர், கடலை மிட்டாய்க்குப் பாகு கிண்டுகிறவர், ஜவுளிக்கடைப் பெண், பஸ் கண்டக்டர், டிராபிக் போலீஸ்காரர், பள்ளிக்கூட வாத்தியார்... நின்று பிழைக்கிற எல்லோருக்கும் பொதுவான வியாதி இது. டாக்டர்கள் 'வெரிக்கோஸ் வெயின்' என்கிறார்கள்.

இப்போது இதற்குக் கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், ஊசியிலேயே சரி செய்யலாம் என்று ஊர் ஊராகப் பேச்சு. பேச்சு பொய் அல்ல. ஆனால் அந்த ஊசியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலில் போட்ட ஊசி, அபூர்வமாகச் சிலருக்குக் கண்ணை மறைக்கும். மிக மிக அபூர்வமாக மூளையையும் தொட்டுவிடும்!

பயப்பட வேண்டாம். தடுக்க வழி உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

நம் ஊரில் எல்லாமே 'நரம்பு'தான். கையில் குளுக்கோஸ் ஏற்றினாலும் 'நரம்பு ஊசி'. காலில் புடைத்தாலும் 'நரம்பு சுருட்டு'. கை கால் மரத்துப் போனாலும் 'நரம்புத் தளர்ச்சி'.

உண்மையில் காலில் சுருண்டு கிடப்பது நரம்பே அல்ல. அது சிரை. கெட்ட ரத்தத்தைக் காலில் இருந்து இருதயத்துக்குக் கொண்டுபோகிற குழாய். நிஜமான நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே ஓடுகிற டெலிபோன் கம்பி மாதிரி. அதில் ரத்தம் ஓடாது.

சிரைக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. ரத்தம் மேலே போகும்போது திறக்கும். கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். வருஷக்கணக்கில் நின்றே வேலை பார்த்தாலும், உடம்பு கனத்தாலும், பெண்களுக்கு அடுத்தடுத்துப் பிரசவம் ஆனாலும், பரம்பரை வாகு இருந்தாலும் இந்தக் கதவுகள் பழுதாகின்றன. ஏறிய ரத்தம் இறங்கித் தேங்குகிறது. குழாய் வீங்கிச் சுருள்கிறது.

கவனிக்காமல் விட்டால் சாயங்கால வீக்கம், கணுக்காலைச் சுற்றி அரிப்பு, தோல் கருத்துப்போவது, கடைசியில் ஆறாத புண்! கரிசல் காட்டில் அந்தப் புண்ணோடு களை எடுக்கிற பெண்களின் பாட்டைச் சொல்லி முடியாது.

ஊசி என்ன செய்கிறது?

கெட்டுப்போன சிரைக்குள் மருந்தைச் செலுத்தினால், அதன் உள்சுவர் வெந்து ஒட்டிக்கொள்ளும். குழாய் அடைபட்டு, நாளாவட்டத்தில் சுருங்கி நார் ஆகிவிடும். ரத்தம் பக்கத்தில் உள்ள நல்ல சிரைகளின் வழியாகப் போய்விடும். பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்ற இரண்டு மருந்துகள்தான் பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றன.

சிறிய சிரை என்றால் மருந்தைத் தண்ணீராகவே போடலாம். பெரிய சிரையில் தண்ணீர் மருந்து ரத்தத்தோடு கலந்து நீர்த்துவிடும். அதனால் மருந்தை நுரை ஆக்கிப் போடுகிறார்கள். நுரை ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சுவரில் அப்பிக்கொள்ளும். கொஞ்ச மருந்திலேயே வேலை முடியும்.

மருந்தோடு காற்றைச் சேர்க்கிற யோசனை புதியது அல்ல. 1944-லேயே ஆர்பாக் என்ற டாக்டர் இதை எழுதிவிட்டார். 1990-களில் ஸ்பெயின் நாட்டு டாக்டர் கப்ரேரா நுரையைப் பெரிய சிரைகளுக்குக் கொண்டுவந்தார். 2000-ம் ஆண்டில் இத்தாலி டாக்டர் டெசாரி சுலபமான வழியைக் காட்டினார்.

அது என்ன வழி? நம்ம டீ மாஸ்டர் செய்கிற அதே வேலைதான்!

இரண்டு சிரிஞ்சு. நடுவே 'த்ரீ-வே' என்கிற திருகு. ஒன்றில் ஒரு பங்கு மருந்து, மற்றொன்றில் 4 பங்கு காற்று. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று மாற்றி மாற்றித் தள்ளினால் வெள்ளை வெளேர் என்று நுரை பொங்கும். செலவு குறைவு, மிஷின் வேண்டாம். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

குமிழி போகிற பாதை

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம்.

காலில் போட்ட நுரை அங்கேயே நின்றுவிடாது. அதில் உள்ள காற்றுக் குமிழிகளில் கொஞ்சம், ரத்தத்தோடு மேலே ஏறி இருதயத்தின் வலது பக்கம் சேரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் ஒரு நல்ல வடிகட்டி. பெரும்பாலான குமிழிகளை அங்கேயே பிடித்து, மூச்சோடு வெளியே அனுப்பிவிடும்.

ஆனால் சிலருக்கு இருதயத்துக்குள்ளேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது!

தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவது இல்லை. அதனால் ரத்தம் நுரையீரலைச் சுற்றாமல் போக, இருதயத்தின் வலது, இடது மேல் அறைகளுக்கு நடுவே ஒரு வாசல் இருக்கும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் முழுதாக மூடுவது இல்லை.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர்கள் இறந்தவர்களின் 965 இருதயங்களைப் பரிசோதித்து 1984-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 27 இருதயங்களில் அந்த வாசல் சரியாக மூடவில்லை. அதாவது சுமார் நாலு பேரில் ஒருவருக்கு! வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு அது தெரியாது. தொந்தரவும் பண்ணாது.

ஆனால் ஊசி போட்ட கையோடு 'லொக் லொக்' என்று இருமினாலோ, மூச்சைப் பிடித்து முக்கினாலோ, அந்த வாசல் 'சட்'டென்று திறந்துகொள்ளும். குமிழி இடது பக்கம் தாண்டி, கழுத்து வழியாக நேரே மூளைக்குப் போகிற பாதையைப் பிடிக்கும்!

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களைக் கேட்டால் குமிழியின் கொடுமையைச் சொல்வார்கள். ஆழத்தில் காற்றுக்குழாய் வைத்து மூச்சு விட்டவர் அவசரமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகக் கொப்பளிக்கும். மூட்டு வலிக்கும், கால் விழுந்துபோவதும் உண்டு. அங்கே குற்றவாளி நைட்ரஜன். இங்கேயும் அதே ஆசாமிதான்! நாம் சுவாசிக்கிற காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அது ரத்தத்தில் சீக்கிரம் கரையாது.

என்ன நடக்கும்?

ஊசி போட்ட சில நிமிஷங்களில் சிலருக்குக் கண் முன்னே மின்னல் கோடு நெளியும். பார்வையில் ஒரு துண்டு மறையும். தலை வலிக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி வருமுன் தெரிகிற அதே மின்னல்தான் இது. பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். குமிழி மட்டும் அல்ல, மருந்து பட்ட சிரைச்சுவரில் இருந்து வெளிப்படும் 'எண்டோதெலின்' என்ற பொருளும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி, பார்வைக் கோளாறு வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். தலைவலி வந்தவர்கள் சுமார் நாலு பேர்.

பக்கவாதம் இதைவிட எவ்வளவோ அபூர்வம். ஆனால் 'நடக்கவே நடக்காது' என்று சொல்ல முடியாது. அயர்லாந்து டாக்டர்கள் 2006-ல் ஒரு சம்பவத்தை மருத்துவப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார்கள். ஒருவருக்குக் கால் சிரையில் 20 மில்லி நுரை போட்டதும் பக்கவாதம் வந்தது. பரிசோதித்தால், அவருக்கு இருதயத்தில் அந்த மூடாத வாசல்! மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் குமிழிகளும் தெரிந்தன.

மறைக்காமல் எழுதினார்கள் அல்லவா, அதனால்தான் உலகம் பாடம் படித்தது.

பாடம் 1:- அளவு!

ஒரு தடவைக்கு மொத்தம் 10 மில்லி நுரைக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் அறிவுரை. "ரெண்டு காலையும் ஒரே நாளில் முடிச்சு விடுங்க டாக்டர், லீவு கிடையாது" என்று நாம்தான் அவசரப்படுத்துகிறோம். கூடாது. இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டுக்கொள்வதே நல்லது. ஒரு நாள் கூலி போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பாடம் 2:- வாயு!

சோடா பாட்டிலைத் திறந்தால் 'புஸ்' என்று வருகிறதே, அந்தக் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் வெகு சீக்கிரம் கரைந்துவிடும். காற்றுக்குப் பதில் அதைக் கலந்து நுரை பண்ணினால் குமிழி நீடிக்காது.

அமெரிக்காவில் இதை ஒப்பிட்டுப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்று நுரை போட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு. கார்பன் டை ஆக்சைடு நுரை போட்டவர்களில் 11 பேருக்குத்தான். பார்வைக் கோளாறு 8-ல் இருந்து 3 ஆகக் குறைந்தது. ஆய்வு சிறியது என்பதால் பார்வைக் கணக்கை மட்டும் முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இருமல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் நன்றாகவே குறைந்தன.

அமெரிக்க அரசு 2013-ல் அனுமதித்த ரெடிமேட் நுரையில்கூடக் காற்று கிடையாது. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான். லேப்ராஸ்கோப் ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிகளில் எல்லாம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தப்பு இல்லை.

பாடம் 3:- அசையாதே!

ஊசி போடும்போது மல்லாந்து படுத்திருக்க வேண்டும். காலைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். ஸ்கேன் மிஷினில் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். நுரை கட்டியாக, புதிதாகக் கலந்ததாக இருக்க வேண்டும். பெரிய குமிழி இருக்கக்கூடாது.

போட்டு முடித்ததும் 'விசுக்'கென்று எழுந்திருக்கக்கூடாது. இருமக்கூடாது, முக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. டாக்டர் சொல்லுகிற வரை படுத்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே படுத்திருக்கலாம். இருமல், சளி இருக்கிற நாளில் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

நிஜ நரம்புக்கும் ஆபத்து

முழங்காலுக்குக் கீழே சில சிரைகளை ஒட்டியே தொடு உணர்ச்சி நரம்புகள் ஓடுகின்றன. மருந்து தப்பி அங்கே பட்டால் மரத்துப்போகும். பக்கத்தில் ஓடுகிற தமனிக்குள் மருந்து போய்விட்டாலோ, காலுக்கே ஆபத்து. ஊசி போடும்போது 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ந்த மாதிரியோ, தாங்க முடியாத வலியோ வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளக்கூடாது. "ஐயா, சுரீர்னு இழுக்குது" என்று அந்த நொடியே சொல்லிவிட வேண்டும்.

இதனால்தான், ஸ்கேன் இல்லாமல், படிப்பு இல்லாமல், 'ஒரே ஊசியில் நரம்பு சுருட்டு மாயம்' என்று விளம்பரம் பண்ணுகிற இடத்துக்குப் போகக்கூடாது. ரத்தக்குழாய் நிபுணர் அல்லது இதில் பயிற்சி பெற்ற சர்ஜன்தான் போட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

மக்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி:- ஊசிக்கு முன்னால டாக்டர்கிட்ட என்னென்ன சொல்லணும்?

பதில்:- கண்ணில் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு வந்த பக்கவாதம், இருதயத்தில் ஓட்டை, காலில் ரத்தம் உறைந்த சரித்திரம், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, போன தடவை ஊசியில் வந்த தொந்தரவு. ஒன்றையும் ஒளிக்கக்கூடாது. ஆழத்தில் உள்ள சிரைகள் சரியாக இருக்கின்றனவா என்று டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் ஊசி போட்டுக்கொள்ளக்கூடாது.

கேள்வி:- நாலு பேர்ல ஒருத்தருக்கு வாசல் மூடலைன்னா, எல்லாருக்கும் இருதய ஸ்கேன் எடுக்க வேண்டாமா?

பதில்:- தேவை இல்லை என்பதே நிபுணர்களின் கருத்து. வாசல் திறந்திருப்பவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவது இல்லை. ஆனால், அந்த வாசலால் ஏற்கனவே தொந்தரவு வந்தவர் என்று தெரிந்தால் நுரை ஊசி கூடவே கூடாது. முந்தைய ஊசியில் பார்வை மறைந்தவர்களுக்கும் டாக்டர் பலமுறை யோசித்துத்தான் முடிவு செய்வார்.

கேள்வி:- அப்ப எங்களுக்கு வேற வழியே கிடையாதா?

பதில்:- ஏன் இல்லை? லேசர் இருக்கிறது, ரேடியோ அலைச் சூட்டு சிகிச்சை இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது. ஒன்றும் வேண்டாம் என்றால் இறுக்கமான காலுறை இருக்கிறது. அதையும் டாக்டரைக் கேட்டு அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி:- ஊசி போட்டுட்டு பைக்கிலேயே வீட்டுக்கு வந்துடலாமா?

பதில்:- வேண்டாம் தம்பி. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிப்போங்கள். கண் மறைத்தால் நாலு வழிச்சாலையில் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து, நடந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது நடந்தால் 108!

வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? 'கொஞ்சம் படுத்தா சரியாப் போயிடும்' என்று காத்திருக்கக்கூடாது. தண்ணீர், டீ எதுவும் வாயில் ஊற்றக்கூடாது. படுக்க வைத்து, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

"இன்ன மணிக்கு, காலில் நுரை ஊசி போட்டது" என்று டாக்டரிடம் சொல்வது ரொம்ப முக்கியம். குமிழி அடைப்பு என்றால் சிகிச்சையே வேறு. உடனே முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். வசதி உள்ள இடத்தில் அழுத்தக் காற்று அறையில் வைப்பதும் உண்டு.

சில நாள் கழித்து வந்தாலும் அலட்சியம் கூடாது. அப்போது குமிழி அல்ல, உறைந்த ரத்தக்கட்டி காரணமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நம்ம ஊர் தூரத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் தங்கம்!

கண்ணில் மின்னல் மட்டும் வந்து மறைந்துவிட்டாலும் சொல்லாமல் இருக்கக்கூடாது. சீட்டில் எழுதி வைத்தால்தான் அடுத்த தடவை டாக்டர் உஷாராக இருப்பார்.

உட்கார ஒரு ஸ்டூல்!

எல்லா ஊசியையும்விடப் பெரிய தடுப்பு ஊசி ஒன்று உண்டு. அது ஒரு ஸ்டூல்!

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக்கூடாது, அவர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து வருஷங்கள் ஆகியும், "கஸ்டமர் வர்ற நேரம் உட்காரக் கூடாதாம் அண்ணாச்சி" என்ற முனகல் ஓயவில்லை.

முதலாளிமார்களே, ஒரு ஸ்டூலின் விலை என்ன? ஒரு கால் புண்ணுக்கு மருந்து கட்டுகிற செலவு என்ன? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொழிலாளர்களும் கொஞ்சம் கவனம் வைக்கலாம். நிற்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் சதைதான் காலுக்கு இரண்டாவது இருதயம். அது அசைந்தால் ரத்தம் மேலே ஏறும். இடைவேளையில் நாலு அடி நடங்கள். ராத்திரி தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுங்கள்.

பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் நினைவுக் கோட்டையை 1974-ல் அரசு கட்டி வைத்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டாமல், 'எதற்கு?' என்று கும்பினிக்காரனையே திருப்பிக் கேட்ட ஊர் இது. 1799-ல் கயத்தாறில் தூக்குமரம் ஏறிய போதும் அந்தக் குணம் மாறவில்லை.

அந்த மண்ணில் பிறந்தவர்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்பதற்குக் கூச்சப்படலாமா?

"ஐயா, காற்றா, வாயுவா? எத்தனை மில்லி? எவ்வளவு நேரம் படுத்திருக்கணும்?"

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். பதில் சொல்லாமல் சீறினால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கால் உங்களுடையது!